பழைய வினாத்தாள் சொல்லும் பாடம்

மன்றக் கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பையுடன் நண்பர்கள் கூடும்பொழுது, பேச்சு எங்கே தொடங்கினாலும் வேலையில்தான் வந்து முடிகிறது. இறுதியாண்டு மாணவர்களுக்கு அது வெறும் பேச்சன்று. நெஞ்சில் கனக்கும் சுமை. அவர்களிற் பலர் நாடுவது வங்கி எழுத்தர் பணியை. பட்டம் ஒன்று போதும்; வயது இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் இடைப்பட்டிருந்தாற் போதும்; சில பிரிவினருக்கு வயதில் சலுகையும் உண்டு. பரிந்துரைக்கு ஆள் தேட வேண்டுவதில்லை. தலைநகரில் சுற்றத்தார் துணையின்றிப் படிக்கும் நம் போன்றோர்க்கு இதனினும் நேரான வழி வேறு உண்டோ?

வழி நேரானதுதான், ஆனால் கூட்டம் மிகுந்தது. கால் மதிப்பெண்ணில் ஓராண்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். பெரும்பாலும் மிகுதியாகப் படித்தவர்கள். எதைப் படிப்பது, எதை விடுவது என்று எடை போடாமல் படித்தவர்கள். அந்த எடையைப் போடத் துலாக்கோல் ஒன்று உண்டு. அதுவே கடந்த ஆண்டுத் தேர்வுகளின் ஆராய்ச்சி. அதை எவ்வாறு செய்வது, எந்த அளவுக்கு நம்புவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தேர்வு வந்த வழி

முன்பு 1978 முதல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் அரசுடைமை வங்கிகளுக்கு ஆள் எடுத்து வந்தன. 2001-இல் அவை கலைக்கப்பட்டன. பின்னர்ச் சில ஆண்டுகள் ஒவ்வொரு வங்கியும் தனித்தனியே தேர்வு நடத்திற்று. ஒரே மாணவர் பல விண்ணப்பம் போட்டு, பல கட்டணம் கட்டி, பல ஊருக்கு இரயிலேறிய காலம் அது. அந்த அலைச்சலை மாற்றிய நிறுவனம் ஐ.பி.பி.எஸ். என்று வழங்கும் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம். 1984-இல் மும்பையில் தனி நிறுவனமாக உருப்பெற்ற இது, 2011-இல் எழுத்தர் பணிக்கான முதல் பொது எழுத்துத் தேர்வை நடத்தியது. ஸ்டேட் வங்கி மட்டும் இன்றளவும் தன் எழுத்தர் தேர்வைத் தனியே அறிவிக்கிறது.

இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. 2011-இல் நடந்த அத்தேர்வில் 250 வினாக்கள், நேரம் 150 நிமிடம், பிறகு நேர்முகம். 2015-இல் முதனிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு என இரண்டு படிகள் வந்தன. 2016-இல் எழுத்தர் பணிக்கு நேர்முகம் நீங்கியது. 2024 வரை முதன்மைத் தேர்வில் 190 வினாக்களும் 160 நிமிடமும் இருந்தன, 2025-இல் ஐ.பி.பி.எஸ். அதனை 155 வினாக்களாகவும் 120 நிமிடமாகவும் சுருக்கியது. ஆகவே, ‘பத்தாண்டு வினாத்தாள்’ என்று கடையில் அடுக்கியிருப்பதெல்லாம் ஒரே தன்மையன அல்ல. பழைய தாளில் கணக்குப் பழகலாம்; நேரம் பழகக் கூடாது. ஆராய்ச்சியின் முதல் விதி இதுவே: தாளைத் திறக்குமுன் அதன் ஆண்டைப் பார்.

இன்னொன்றும் தெளிய வேண்டும். ‘தாள்’ என்பது இன்று பெயரளவில்தான். தேர்வு கணினித் திரையில் பல வேளைகளாக நடக்கிறது. எழுதி முடித்தபின் வினாக்கள் நம் கைக்கு வருவதில்லை. கடைகளில் விற்பவை, தேர்வெழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்னவற்றைப் பயிற்சி நிலையத்தார் தொகுத்தவை. நினைவு எண்ணை மாற்றும், விடையை மாற்றும், ஆனால் ‘வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்த புதிர் வந்தது’ என்பதை எளிதில் மாற்றாது. எனவே அத்தொகுப்புகளிலிருந்து வினாவின் வகையைக் கொள்க. வினாவை அப்படியே மனப்பாடம் செய்யற்க. நிறுவனம் தன் அறிவிப்போடு வெளியிடும் தகவற் கையேட்டிலுள்ள மாதிரி வினாக்களையும் முதலில் பார்த்துவிட வேண்டும். தேர்வறையின் வினாக்களைக் குறித்துக்கொண்டு வெளியே பரப்புவது விதிகளின்படி குற்றம் என்பதையும் மறவற்க. நாளை வங்கியில் பிறர் பணத்தை எண்ணப் போகிறவர் இன்று அத்தவற்றைச் செய்வது பொருந்துமா?

முதற்படியின் கணக்கு

முதனிலைத் தேர்வில் நூறு வினாக்கள். ஆங்கிலம் 30, எண்ணியல் திறன் 35, காரண அறிவு 35. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இருபது நிமிடம். ஆங்கிலத்தில் மிச்சப்பட்ட நேரத்தைக் கணக்குக்குக் கடன் கொடுக்க இயலாது. ஒரு கணக்குக்கு ஏறக்குறைய 34 விநாடி. ஓர் ஆங்கில வினாவுக்கு 40 விநாடி. இந்த 34 விநாடிக்குள் எல்லாக் கணக்கையும் போட்டுவிட முடியும் என்று எண்ணுகிறவர்தாம் இடறுகிறார்கள். இது எல்லாவற்றையும் செய்யும் தேர்வன்று. எதைச் செய்வது என்று தேர்ந்துகொள்ளும் தேர்வு.

இதற்கு ஒரு குறிப்பேடு வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்திகள்: வினாவின் வகை, வந்த எண்ணிக்கை, நாம் சரியாகச் செய்த எண்ணிக்கை, செலவான நேரம். முதல் இரண்டு பத்திகள் தேர்வைப் பற்றியவை; பின் இரண்டு நம்மைப் பற்றியவை. பெரும்பாலோர் முதலிரண்டோடு நின்றுவிடுகிறார்கள். பயிற்சி நிலையங்கள் அச்சிட்டுத் தருவனவும் அவ்விரண்டே. நோயின் பெயரை மட்டும் எழுதி, நோயாளியைப் பாராத மருத்துவம் அது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு மாணவி எட்டுப் பழைய தொகுதிகளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தாள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணியல் பகுதியில் சராசரியாக அவள் கண்டது இது: சுருக்குதல் 10 வினா, அட்டவணைக் கணக்கு 5, எண் தொடர் 5, இருபடிச் சமன்பாடு 5, வட்டி, இலாபநட்டம், வேலை-நாள் முதலிய சொற்கணக்கு 10. அவள் வரிசைப்படியே செய்பவள். சுருக்குதலில் ஆறு நிமிடத்தில் 8 சரி, 2 தவறு. அட்டவணையில் ஐந்து நிமிடத்தில் 4 சரி, 1 தவறு. பிறகு சொற்கணக்கில் இறங்கி ஒன்பது நிமிடம் போராடி 4 சரி, 6 தவறு. மணி அடித்துவிட்டது. தொடரும் சமன்பாடும் தொடப்படவே இல்லை. சரியானவை 16; தவறு 9. ஒவ்வொரு தவற்றுக்கும் கால் மதிப்பெண் குறையுமாதலால் அவள் பெற்றது 13.75.

குறிப்பேட்டைப் பார்த்தபின் அவள் புதிதாக ஒன்றும் கற்கவில்லை; வரிசையை மட்டும் மாற்றினாள். சொற்கணக்கில் கண்டவுடன் வழி தெரிகிற நான்கை மட்டும் எடுத்து, நான்கு நிமிடத்தில் 3 சரி, 1 தவறு. மிஞ்சிய ஐந்து நிமிடத்தில் மூன்றைத் தொடருக்கும் இரண்டைச் சமன்பாட்டுக்கும் கொடுத்தாள். தொடரில் 4 சரி, 1 தவறு. சமன்பாட்டில் மூன்றைத் தொட்டு மூன்றும் சரி. இப்பொழுது சரியானவை 22, தவறு 5, மதிப்பெண் 20.75. அதே அறிவு, அதே இருபது நிமிடம். ஏழு மதிப்பெண் கூடுதல்! கால் மதிப்பெண்ணுக்கு ஓராண்டு இழப்பவர்களை நினைத்துப் பாருங்கள். இந்த ஏழின் அருமை விளங்கும்.

தவறுகளை மூன்றாகப் பிரித்து எழுதுவதும் பயன் தரும். அறியாமையால் வந்த தவறு, அவசரத்தால் வந்த தவறு, நேரமின்மையால் விட்டது. அறியாமைக்கு மருந்து பாடநூல். அவசரத்துக்கு மருந்து நிதானம். நேரமின்மைக்கு மருந்து பழக்கம். மூன்றுக்கும் ஒரே மருந்தாக ‘இன்னும் பத்துத் தாள்’ என்று எழுதிக்கொண்டே போவதால் பயனில்லை.

பாட்டனார் எண்சுவடி

சுருக்குதற் கணக்குகள் ஆண்டுதோறும் வருவதைக் குறிப்பேடு காட்டும். அவற்றில் விழுக்காடு நிறைய வரும். இங்கே நமக்கு ஒரு பழஞ்செல்வம் உண்டு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த நம் பாட்டனார்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று கீழ்வாயிலக்கங்களை வாய்ப்பாடாகவே சொன்னார்கள். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, 12.5 விழுக்காடு. மாகாணி என்பது பதினாறில் ஒன்று, 6.25 விழுக்காடு. 640-இல் 37.5 விழுக்காடு எவ்வளவு என்று வினா வந்தால், நாம் தாளில் பெருக்கத் தொடங்குகிறோம். பாட்டனார் ‘காலே அரைக்கால்’ என்பார். 160-உம் 80-உம் 240 என முடிப்பார். 960-இல் 87.5 விழுக்காடு என்றால் ‘முக்காலே அரைக்கால்’. முழுதில் அரைக்கால் குறைவு. 960-இல் 120 போக 840. ஐந்து விநாடி போதும். தாய்மொழியில் படிந்த கணக்கு எந்தத் தேர்வறையிலும் கைகொடுக்கும்.

எண் தொடருக்கும் இத்தகைய பழக்கம் உண்டு. 7, 8, 12, 21, 37 என வந்தால், முதலில் வேறுபாடுகளை எழுதுக: 1, 4, 9, 16. இவை வர்க்கங்கள். அடுத்தது 25, விடை 62. பழைய தொகுதிகளிலிருந்து ஐம்பது தொடர்களை எடுத்து, விடையைவிட ‘எந்த விதியால் ஆனது’ என்பதை மட்டும் எழுதிவந்தால், விதிகள் மிகச் சிலவே என்பது புலப்படும்.

காரண அறிவுப் பகுதியில் இருவகை வினாக்கள். ஒன்று தனி வினா. க, ச-வினும் பெரிது. ச, த-வுக்குச் சமம் அல்லது பெரிது. த, ப-வுக்குச் சமம். எனவே க, ப-வினும் பெரிது என்பது போன்றது. மற்றொன்று தொகுதிப் புதிர். இருக்கை அமைப்பு, மாடி வீடு, கிழமை வரிசை எனப் பெரும்பாலும் ஐந்து வினாக்களோடு வருவது. அமைப்புக் கிடைத்தால் ஐந்தும் கைக்குள். தவறிப் போனால் ஐந்தும் தவறாகி 1.25 கூடப் போய்விடும். எனவே முதலில் தனி வினாக்கள், பிறகு புதிர். இரண்டு நிமிடத்தில் பிடி கிடைக்காத புதிரை விட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். விடத் தெரிவதும் ஒரு திறமையே.

ஆங்கிலத்தில் நம்மவர் தவறுகளைப் பகுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் சில இடங்களிலேயே குவிகின்றன. பெயருக்கு முன்வரும் ‘ஏ’, ‘தி’ என்னும் சிறுசொற்கள் தமிழில் இல்லை. நாம் உருபைப் பெயரின் பின்னே சேர்க்கிறோம்; ஆங்கிலம் உறவுச் சொல்லைப் பெயரின் முன்னே வைக்கிறது. பிழை காணும் வினாக்களில் இவ்விடங்களிலேயே நாம் சறுக்குகிறோம். முழு இலக்கணத்தையும் புரட்டாமல் இவற்றை முதலில் செப்பம் செய்துகொண்டால் பயன் விரைவில் தெரியும்.

ஊகமும் மாகாணியும்

‘தெரியாத வினாவை விடுவதா, ஊகித்து எழுதுவதா?’ என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கணக்கே விடை சொல்லட்டும். ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், ஐந்தில் ஒரு முறை ஒரு மதிப்பெண் வரும். மற்ற நான்கு முறையும் கால் கால் போகும். வரவும் ஒன்று, செலவும் ஒன்று; மிச்சம் சுழி. ஆகவே குருட்டு ஊகத்தால் இலாபமில்லை. ஒரு விடை உறுதியாகப் பொருந்தாது என்று நீக்கிவிட்டால், சராசரி இலாபம் பதினாறில் ஒன்று. அதாவது ஒரு மாகாணி. மூன்றை நீக்கி இரண்டில் நின்றால் இலாபம் எட்டில் மூன்று. நம் காலே அரைக்கால்! எனவே இரண்டில் ஒன்று என்ற நிலைக்கு வந்தபின் அஞ்சி விடுவது நட்டம். ஒன்றையும் நீக்காமல் துணிவது வீண்.

முதன்மைத் தேர்வின் எடை

முதனிலைத் தேர்வின் மதிப்பெண் வாயிலைத் திறக்கும் சாவி மட்டுமே. இறுதித் தகுதிப் பட்டியலில் சேர்வதில்லை. அங்கே எண்ணப்படுவது முதன்மைத் தேர்வு. 2025-ஆம் ஆண்டின் ஐ.பி.பி.எஸ். அமைப்பைப் பாருங்கள். காரண அறிவு: 40 வினா, 60 மதிப்பெண், 35 நிமிடம். ஆங்கிலம்: 40 வினா, 40 மதிப்பெண், 35 நிமிடம். கணிதம்: 35 வினா, 50 மதிப்பெண், 30 நிமிடம். பொது அறிவும் நிதி அறிவும்: 40 வினா, 50 மதிப்பெண், 20 நிமிடம்.

மதிப்பெண்ணை நிமிடத்தால் வகுத்தால் ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஆங்கிலம் நிமிடத்துக்கு 1.14, கணிதம் 1.67, காரண அறிவு 1.71, பொது அறிவோ 2.5! இப்பகுதியில் கணக்கு இல்லை, புதிர் இல்லை. தெரியும் அல்லது தெரியாது. ரிசர்வ் வங்கி 1935-இல் தொடங்கி 1949-இல் நாட்டுடைமையானது; 1955-இல் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியாயிற்று; 1969-இல் 14 வங்கிகளும் 1980-இல் 6 வங்கிகளும் நாட்டுடைமையாயின; வைப்புத்தொகைக் காப்பீடு 2020 முதல் 5 இலட்சம் ரூபாய். இத்தகைய செய்திகளை அன்றாடம் சிறிது சிறிதாகச் சேர்த்தவர்க்கு இருபது நிமிடம் தாராளம். முதனிலையில் இப்பகுதி இல்லை என்பதால் அதுவரை தள்ளிவைத்து, இடையிலுள்ள சில வாரங்களில் விழுங்க முயல்வதே நம்மவர் செய்யும் பெரும்பிழை.

ஐ.பி.பி.எஸ். தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்த அளவு மதிப்பெண் பெற்றாக வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. ஒன்றில் மலையளவு பெற்று மற்றொன்றில் பள்ளத்தில் விழுந்தால் பயனில்லை. மேலும், வேளைக்கு வேளை வினாக்களின் கடுமை வேறுபடுமாதலால் மதிப்பெண்களைச் சமன்படுத்தியே வெளியிடுகிறார்கள். ‘என் வேளையில் எழுபது செய்தேன், அடுத்த வேளையில் எண்பது செய்தார்களாம்’ என்று வாடுவது வேண்டாத கவலை.

நமக்கே உரிய ஒரு கேள்வி

இறுதியாக, வெளிமாநிலத் தமிழராகிய நமக்கே உரிய ஒரு செய்தி. எழுத்தர் பணிக்கு ஒரு மாநிலத்தின் இடங்களுக்கே விண்ணப்பிக்க இயலும். தகுதிக் கோடும் மாநிலத்துக்கு மாநிலம், பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். எனவே ஆராய்ச்சி செய்கிறவர் தாம் விண்ணப்பிக்கும் மாநிலத்தின் கடந்த ஆண்டுக் கோடுகளையே வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். அந்த மாநில மொழியை எழுத, படிக்க, பேச, புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மொழித் தேர்வும் உண்டு. அம்மொழியைப் பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் படித்த சான்று உள்ளவர்க்கு ஸ்டேட் வங்கி அத்தேர்விலிருந்து விலக்கு அளிக்கிறது.

2021-இல் மத்திய நிதி அமைச்சகம் எடுத்த முடிவால், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் எழுத்தர் தேர்வு எழுதும் வாய்ப்பு வந்தது. ஆங்கில மொழிப் பகுதி மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும். தமிழ்நாட்டு இடங்களுக்கு விண்ணப்பிப்பவர் தமிழைத் தெரிவு செய்யலாம். ஆனால் தலைநகரிலே பிறந்து வளர்ந்த நம் நண்பர் சிலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குகிறார்கள். எழுத்துத் தேர்வெல்லாம் வென்று, தாய்மொழித் தேர்வில் நிற்பதைப் போன்ற துயரம் வேறுண்டா? கணக்கு, புதிர், பொது அறிவு என்று எல்லாவற்றுக்கும் பழைய தாள் தேடுகிறோம். தமிழுக்கு மட்டும் ‘அது நமக்குத் தெரிந்ததுதானே’ என்று இருந்துவிடுகிறோம். நம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுத வேண்டிய குறை இதுவாகவே இருக்கலாம்.

இதற்கு மன்றமே வழி செய்யலாம். வாரம் ஒரு மாலை, தமிழ்நாட்டில் படித்து வந்தவர்கள் எழுத்துக் கற்பிக்கட்டும். இங்கே வளர்ந்தவர்கள் ஆங்கிலப் பகுதிக்கு உதவட்டும். ஒருவர் குறிப்பேட்டை மற்றொருவர் பார்க்கட்டும். தன் தவறு தன் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

நண்பர்களே, கடந்த தேர்வு எதிர்காலத்தைச் சொல்லும் சோதிடம் அன்று. ‘இந்த ஆண்டு இதுதான் வரும்’ என்று சொல்பவரை நம்பற்க. 2025-இல் அமைப்பே மாறியதைப் பார்த்தோம். புதிய அறிவிப்பு வெளிவந்ததும் அதனை வரிவரியாகப் படித்தல் முதற்கடமை. பழைய வினாத்தாள் ஒரு கண்ணாடி. அதில் தேர்வின் முகத்தைவிட நம் முகமே தெளிவாகத் தெரியும். எங்கே விரைகிறோம், எங்கே தயங்குகிறோம், எங்கே வீண் பிடிவாதம் பிடிக்கிறோம் என்பதை அது மறைக்காமல் காட்டும். பார்க்கத் துணிந்தவர் திருந்துவர், திருந்தியவர் வெல்வர். பதறாத காரியம் சிதறாது. இன்று மாலையே ஒரு குறிப்பேடு வாங்குங்கள், நான்கு கோடு கிழியுங்கள், தொடங்குங்கள்.